ரூட் பஸ்ஸா, வாடகை வேனா, சொந்த வண்டியா? பயணிகள் வாகனங்களைச் சட்டம் பிரிக்கும் முறை: முழு வழிகாட்டி

பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்குகிறது. பத்து மணிக்குத் தொழிற்சாலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகிறது. சனிக்கிழமை ஒரு குடும்பத்தைப் பழனிக்குக் கூட்டிப்போகிறது. தைப்பூசத்தன்று பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்று தலைக்கு இவ்வளவு என்று ஆள் ஏற்றுகிறது. பார்வைக்கு ஒரே வண்டிதான். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அது செய்யும் வேலையைப் பொறுத்து அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஒரு வேலைக்கு வாங்கிய பெர்மிட் இன்னொரு வேலைக்குச் செல்லாமல் போகலாம்.

வண்டி வாங்கி ஓட்ட நினைப்பவர்கள், வேன் பிடித்துக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பிள்ளையை வேனில் அனுப்பும் பெற்றோர் எல்லோருக்கும் இந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் உருவம், நிறம், விலை எதுவும் இதைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை இருக்கை, யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள், அந்தப் பணம் முழு வண்டிக்கா தனி ஆளுக்கா என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: காசு கைமாறுகிறதா?

சட்டத்தின் 2-ஆவது பிரிவில்தான் எல்லா விளக்கங்களும் இருக்கின்றன. அதில் நமக்கு முக்கியமானது ‘பொதுச் சேவை வாகனம்’. வாடகைக்கோ கைம்மாறுக்கோ பயணிகளை ஏற்றப் பயன்படும், அல்லது அதற்கென்று மாற்றியமைக்கப்பட்ட எந்த மோட்டார் வாகனமும் இதற்குள் வந்துவிடும். மோட்டார் கேப், மேக்ஸி கேப், கான்ட்ராக்ட் கேரியேஜ், ஸ்டேஜ் கேரியேஜ் நான்கும் இதன் பிள்ளைகள்.

இதற்கு மேலே இன்னும் பெரிய குடை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘போக்குவரத்து வாகனம்’. பொதுச் சேவை வாகனம், சரக்கு வாகனம், கல்வி நிறுவனப் பேருந்து, தனியார் சேவை வாகனம் ஆகியவை அதற்குள் அடங்கும். இந்தக் குடைக்குள் வந்துவிட்டால் மஞ்சள் எண் பலகையில் கறுப்பு எழுத்து, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பெர்மிட், அந்த வகைக்கு உரிய வரி எல்லாம் கூடவே வரும். குடைக்கு வெளியே நிற்கும் வண்டிக்கு வெள்ளைப் பலகை. நம் ஊர்ப் பேச்சில் அது ‘ஓன் போர்டு’, மஞ்சள் பலகை ‘டி போர்டு’.

வெள்ளைப் பலகைக் காரை ‘ஆக்டிங் டிரைவர்’ போட்டு வாடகைக்கு விடுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. என் சித்தப்பாவும் அப்படித்தான் செய்தார். தெரிந்தவர்கள்தானே என்று வேளாங்கண்ணிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போனார், திரும்பும் வழியில் வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. வாடகைக்குத்தான் வந்தோம் என்று பயணிகள் உள்ளதைச் சொன்னார்கள். சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டம் அடங்காது என்று காப்பீட்டுக்காரர்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு தர மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது பாலிசியிலேயே அச்சடித்திருந்த வரிதான். நாங்கள் யாரும் அதுவரை படித்துப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் நண்பர்கள் டீசல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு ஊருக்குப் போவதும் வாடகையா? கூட்டாகப் போகும் பயணத்தில் செலவைப் பகிர்வதும், லாபத்துக்கு ஆள் ஏற்றுவதும் வேறு வேறு. அழைப்பு டாக்சி செயலிகளுக்காக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மாநில அரசு தடுக்காத இடத்தில், சொந்த வண்டியில் பயணப் பகிர்வுக்கு வழி விட்டன. அதிலும் அளவு இருந்தது: நகருக்குள் நாளுக்கு நான்கு பயணம், ஊர்விட்டு ஊர் என்றால் வாரத்துக்கு இரண்டு. தினமும் அந்நியர்களை ஏற்றி வருமானம் பார்த்தால் அது வாடகை ஓட்டம்தான்.

இரண்டாம் படி: இருக்கையை எண்ணுங்கள், ஓட்டுநரை விட்டுவிட்டு

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் இருக்கை எண்ணிக்கையை ஓட்டுநரையும் சேர்த்து எழுதுவார்கள். சட்டத்தின் விளக்கங்களோ ஓட்டுநரைத் தவிர்த்து எண்ணுகின்றன. ஆகவே ஆர்.சி.யில் உள்ள எண்ணிலிருந்து முதலில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

வாடகை வண்டியில் மீதி ஆறு வரை இருந்தால் அது மோட்டார் கேப். ஏழு முதல் பன்னிரண்டு வரை மேக்ஸி கேப். அதற்கு மேலே போனால் நாம் பேருந்து என்றே சொல்லும் வகை. ஒரே மாடல் கார் ஏழு இருக்கையோடும் வரும், எட்டு இருக்கையோடும் வரும். ஏழு இருக்கை என்றால் ஆறு பயணிகள், மோட்டார் கேப். எட்டு இருக்கை என்றால் ஏழு பயணிகள், மேக்ஸி கேப். ஒரே ஒரு சீட்டில் வகை மாறிவிடுகிறது. ஷோரூமில் பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டிய கணக்கு இது. பிறகு சீட்டைக் கழற்றி வகையை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது 52-ஆவது பிரிவின்படி தவறு.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘ஆம்னி பஸ்’ என்றதும் நமக்குக் கோயம்பேடும் கிளாம்பாக்கமும் ராத்திரி ஸ்லீப்பர் வண்டியும்தான் நினைவுக்கு வரும். சட்டத்தில் ஆம்னி பஸ் என்றால் ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்த வாகனம், அவ்வளவுதான். வாடகை என்ற பேச்சே அந்த விளக்கத்தில் இல்லை. பெரிய குடும்பம் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் ஒன்பது சீட் வண்டியும் சட்டப்படி ஆம்னி பஸ்தான். அதனால்தான் பதிவு மென்பொருளான வாகனில் ‘ஆம்னி பஸ், சொந்த உபயோகம்’ என்று தனி வகையே இருக்கிறது. ஆர்.சி.யில் அந்த வரியைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மூன்றாம் படி: முழு வண்டிக்கு வாடகையா, தலைக்கு டிக்கெட்டா?

இந்தப் பிரிவினையில் சண்டை, வழக்கு, அபராதம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்டேஜ் கேரியேஜ் என்பது ரூட் பஸ். ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டி, ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனிக் கட்டணம், அந்தக் கட்டணம் முழுப் பயணத்துக்கும் இருக்கலாம் அல்லது இடையில் ஒரு ஸ்டேஜ் முதல் இன்னொரு ஸ்டேஜ் வரைக்கும் இருக்கலாம். அரசுப் பேருந்து, தனியார் ரூட் பஸ், 1997 முதல் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் ஓடத் தொடங்கிய மினி பஸ் எல்லாம் இந்த வகை. இதற்கான பெர்மிட்டில் வழித்தடம், நேர அட்டவணை, கட்டணம் எல்லாம் கட்டுப்பாட்டோடு வரும். கூட்டம் இல்லை என்று மதியம் ட்ரிப்பை வெட்டினால் அது பெர்மிட் நிபந்தனையை மீறுவது.

கான்ட்ராக்ட் கேரியேஜ் முழு வண்டியையும் ஓர் ஒப்பந்தத்தில் பிடிப்பது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். நேரக் கணக்கில் பேசலாம், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு என்றும் பேசலாம். எப்படிப் பேசினாலும் ஒரு நிபந்தனை மாறாது: ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை வழியில் நிறுத்தி ஏற்றக் கூடாது, இறக்கவும் கூடாது. கல்யாண வேன், சபரிமலை வேன், கல்லூரிச் சுற்றுலா பஸ் எல்லாம் இதில் வரும்.

உச்ச நீதிமன்றமும் 1990-களிலேயே இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கான்ட்ராக்ட் வண்டிக்கு வழியில் வேறு பயணியை ஏற்றும் உரிமை கிடையாது. ஸ்டேஜ் வண்டியோ முன் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் இரண்டு இடங்களுக்கு நடுவே ஓடும், போகிற தூரத்துக்குக் காசு கொடுத்து வழியில் யாரும் ஏறலாம்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. தொழிலில் இருப்பவர்கள்கூட இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

ஒன்று, இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். 66-ஆவது பிரிவின்படி, ஸ்டேஜ் கேரியேஜ் பெர்மிட் வைத்திருப்பவர் அதில் சொன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தன் வண்டியைக் கான்ட்ராக்ட் ஓட்டத்துக்கும் விடலாம். ரூட் பஸ்ஸைக் கல்யாணத்துக்குப் பிடிப்பது அதனால்தான் முடிகிறது. கான்ட்ராக்ட் பெர்மிட் வைத்திருப்பவர் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு ரூட் பஸ் ஓட்ட முடியாது. அப்படி ஓட்ட வேண்டுமென்றால் 87-ஆவது பிரிவில் தற்காலிக பெர்மிட் கேட்டு வாங்க வேண்டும். திருவிழா, சந்தை போன்ற தேவைகளுக்கென்றே அந்தப் பிரிவு இருக்கிறது. ஒரு தற்காலிக பெர்மிட்டின் ஆயுள் அதிகபட்சம் நான்கு மாதம்.

இரண்டாவது, மோட்டார் கேப்புக்கு ஒரு விலக்கு. ஆறு பேருக்குள் ஏற்றும் டாக்சியில் பயணிகளிடம் தனித்தனியாகக் காசு வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரியேஜாகவே கருதப்படும் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஷேர் டாக்சி என்ற ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் பிடிமானம் இந்த வரிதான். ஆனால் பெர்மிட்டில் போட்டிருக்கும் மற்ற நிபந்தனைகள் இதனால் கழன்றுவிடுவதில்லை. மூன்று பேர் பெர்மிட் வாங்கிய ஆட்டோவில் ஆறு பேரை ஏற்றினால், ஆறு பேர் விலக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்போது ராத்திரி ஓடும் ஆம்னி பஸ்கள்? அவற்றின் பெர்மிட் கான்ட்ராக்ட் வகையைச் சேர்ந்தது, நாம் வாங்குவதோ தனி டிக்கெட். இந்த இடைவெளி பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. 2023-இல் பத்தனம்திட்டாவிலிருந்து கோயம்புத்தூருக்கு அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டில் தனி டிக்கெட் போட்டு ஒரு பஸ் ஓடியபோது இது வெளிப்படையான மோதலாக வெடித்தது. புதிய சுற்றுலா வாகன விதிகள் இதை அனுமதிக்கின்றன என்பது உரிமையாளர் தரப்பு வாதம். சுற்றுலா பெர்மிட்டில் ஸ்டேஜ் ஓட்டம் கூடாது என்பது கேரள மோட்டார் வாகனத் துறையின் நிலை. வழிநெடுக நிறுத்தி அபராதம் போட்டார்கள், தமிழக எல்லைக்குள்ளும் அபராதம் விழுந்தது. என் கருத்து இதுதான்: ரூட் பஸ்காரர் கூட்டம் இல்லாத நேரத்திலும் ஓட்டியாக வேண்டும், அரசு சொன்ன கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தக் கடமை எதுவும் இல்லாமல் கூட்டம் உள்ள தடத்தில் மட்டும் தனி டிக்கெட் போட விட்டால், கடைசிக் கிராமத்துக்குப் போகும் பஸ்தான் முதலில் நிற்கும். இந்தப் பிரிவினையை வெறும் காகித வேலை என்று நான் நினைக்காததற்குக் காரணம் அதுதான்.

நான்காம் படி: டிக்கெட் இல்லை, ஆனாலும் போக்குவரத்து வாகனம்

பள்ளி, கல்லூரிக்குச் சொந்தமான, மாணவர்களையும் ஊழியர்களையும் மட்டும் ஏற்றும் பேருந்து ‘கல்வி நிறுவனப் பேருந்து’. ஒரு கம்பெனி தன் ஆட்களைத் தன் சொந்த பஸ்ஸில், வாடகை வாங்காமல், தொழில் சம்பந்தமாக ஏற்றிப்போனால் அது ‘தனியார் சேவை வாகனம்’. இரண்டிலும் ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் இடம் இருக்க வேண்டும். பொதுமக்களை ஏற்றாததால் இவை பொதுச் சேவை வாகனம் ஆகாது. ஆனால் போக்குவரத்து வாகனம் என்ற குடைக்குள் வந்துவிடுவதால் பெர்மிட்டும் வேண்டும், எஃப்.சி.யும் வேண்டும்.

இங்கே வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதே பிள்ளைகளை, அதே வழியில், ஒரு வேன் உரிமையாளர் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டு ஏற்றினால் அது கல்வி நிறுவனப் பேருந்து அல்ல, கான்ட்ராக்ட் கேரியேஜ். கம்பெனி வெளியாளிடம் வாடகைக்கு எடுத்த ஷிப்டு வேனும் அப்படித்தான்.

பள்ளி வண்டிகளுக்குத் தமிழ்நாட்டில் 2012 முதல் தனிச் சிறப்பு விதிகள் இருக்கின்றன. அந்த ஆண்டு ஜூலையில் தாம்பரம் அருகே ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விதிகள் அதன் பிறகு வந்தவை. பிள்ளையை வேனில் அனுப்பும் பெற்றோர் ஒரு முறையாவது ஆர்.சி.யில் வகை என்னவென்று பார்த்துவிட வேண்டும். வெள்ளைப் பலகை வேனில் மாதக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது எந்த வகையிலும் சேராது.

ஐந்தாம் படி: தனி வழியில் போகும் வண்டிகள்

சுற்றுலா வாகனம் என்பது கான்ட்ராக்ட் கேரியேஜுக்குள் ஒரு கிளை. அதற்கென்று சொன்ன வசதிகளோடு இருக்க வேண்டும். மாநிலம் தாண்டி ஓட அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் உதவும், இதை இப்போது இணையத்திலேயே வாங்கலாம். பயணிகள் பட்டியல் வண்டியில் இருக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) நிறுத்தினால் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. பட்டியலில் உள்ள பெயரும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளும் பொருந்தாவிட்டால், வண்டி தலைக்கு டிக்கெட் போட்டு ஓடுகிறது என்ற முடிவுக்கு வர அவருக்கு அதுவே போதும்.

ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்ட வாடகைக்குக் கொடுக்கும் கார்களுக்கு 1989-இல் வந்த தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகைக் காரை நாள் வாடகைக்கு விடுவது இந்தத் திட்டத்துக்குள் வராது.

இ-ரிக்‌ஷா 2015-இல் சட்டத்துக்குள் வந்தது. மூன்று சக்கரம், 4,000 வாட்டுக்கு மிகாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்பு. பயணிகள் நான்கு பேர்.

மின்சார வண்டிகளைப் பற்றி ஒரு தவறான பேச்சு ஊரில் உலவுகிறது. பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் விலக்கு அளித்தது உண்மை. அந்த விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும்தான். வாடகைக்கு ஓட்டினால் போக்குவரத்து வாகனமாகப் பதிய வேண்டும், எஃப்.சி. எடுக்க வேண்டும். பச்சைப் பலகையில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி. இதைக் கவனித்தாலே தூரத்திலிருந்து வகையைச் சொல்லிவிடலாம்.

பைக் டாக்சி இன்னும் முழுதாக அடங்காத விஷயம். கான்ட்ராக்ட் கேரியேஜ் விளக்கத்தில் ‘பயணி அல்லது பயணிகள்’ என்றே இருப்பதால் ஒரே ஆளை ஏற்றும் பைக்கும் அதில் பொருந்தும். ஆனால் வெள்ளைப் பலகை பைக்கில் ஆள் ஏற்றலாமா என்பதை 2025 ஜூலையில் வந்த மத்திய வழிகாட்டு நெறிகள் மாநில அரசுகளின் முடிவுக்கு விட்டிருக்கின்றன. செயலியில் சேரும் முன் உங்கள் மாநிலத்தில் அன்றைக்கு உள்ள நிலையை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். செயலிக்காரர்கள் ‘பிரச்சினை இல்லை’ என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல் துறை வண்டி, இறந்தவர் உடலைக் கொண்டுபோகும் ஊர்தி இவற்றுக்குப் பெர்மிட்டிலிருந்து விலக்கு உண்டு. அந்த வேலைக்கு மட்டும் பயன்படும் வரைக்கும்தான் விலக்கு.

ஆறாம் படி: எடை, லைசென்ஸ், எஃப்.சி.

வகை முடிவானதும் யார் ஓட்டலாம் என்று பார்க்க வேண்டும். அதற்கு எடைதான் அளவுகோல். 7,500 கிலோ வரை இலகு ரக வாகனம், 12,000 கிலோவுக்கு மேல் கனரகப் பயணிகள் வாகனம், இரண்டுக்கும் நடுவில் நடுத்தரப் பயணிகள் வாகனம்.

இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் அதே எடைக்குள் உள்ள வாடகை வண்டியை ஓட்டத் தனி அனுமதி வேண்டுமா என்று நீண்ட காலம் வழக்கு நடந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 7,500 கிலோவுக்குள் இருந்தால் தனியாக வேண்டாம் என்று தீர்த்துவைத்தது. விபத்துக்குப் பின் லைசென்ஸைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்த பல வழக்குகளுக்கு இது பதில். இதை வண்டியின் வகையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் செல்லும் என்பதால் வெள்ளைப் பலகைக் கார் டாக்சி ஆகிவிடாது.

எஃப்.சி. புது வண்டிக்கு இரண்டு ஆண்டு. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும்.

சரி, தவறினால்?

பெர்மிட் இல்லாமலோ, பெர்மிட்டின் வழித்தடம், இடம், நோக்கம் பற்றிய நிபந்தனையை மீறியோ ஓட்டினால் 192ஏ பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. 207-ஆவது பிரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தலாம். நோய், காயம் பட்டவரை ஏற்றிப்போகும் அவசரத்துக்கும், பேரிடர் நேரத்தில் உணவு, மருந்து கொண்டுபோவதற்கும் அந்த 192ஏ பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பிரசவ வலியில் துடிப்பவரை வெள்ளைப் பலகை வண்டியில் ஏற்றப் பயப்பட வேண்டியதில்லை. ஏழு நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

சொந்த வண்டியை முறைப்படி வாடகை வண்டியாக மாற்றவும் வழி இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, வரி வித்தியாசத்தைக் கட்டி, எஃப்.சி.யும் பெர்மிட்டும் எடுத்து, பாலிசியையும் வாடகை வகைக்கு மாற்ற வேண்டும். கடன் நிலுவை இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். பாலிசியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மஞ்சள் பலகை மாட்டிய முதல் நாள் ஓட்டத்துக்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும்.

வண்டி பிடிக்கப் போகும் நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. பதிவு எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். வகை, எஃப்.சி. தேதி, காப்பீட்டுத் தேதி தெரியும். வகைக்கு நேரே மோட்டார் கேப், மேக்ஸி கேப், பஸ் என்று இருந்தால் அடுத்துப் பெர்மிட்டைக் கேளுங்கள். வெளிமாநிலம் போவதென்றால் அந்த மாநிலத்துக்குச் செல்லுமா என்று பாருங்கள். ட்ரிப் ஷீட்டில் உங்கள் ஆட்கள் எல்லோருடைய பெயரும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.